பால் ஸ்டோரும் ஆய்வுக்கூடமும்

பெக்கோக் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால் ஸ்டோர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வெட்டுக்காரரின் அன்றைய கூலியைத் தீர்மானித்தது ஒரு கண்ணாடிக் குழல். அதற்கு மெட்ரோலாக் என்று பெயர். அடிப்பக்கம் கனமான குமிழ், மேல்பக்கம் எண்கள் குறித்த மெல்லிய காம்பு. காலை வெட்டு முடிந்து வாளிகள் ஸ்டோருக்கு வந்ததும், கணக்கெழுதும் கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் மொண்டு, இரு பங்கு தண்ணீர் கலந்து, நுரையை வழித்தெறிந்துவிட்டு, உயரமான குவளையில் ஊற்றுவார். அதில் மெட்ரோலாக்கை மெல்ல இறக்குவார். அது மேலும் கீழும் ஆடி அடங்கும். கிராணி குனிந்து, பாலின் மட்டம் கண்ணுக்கு நேரே வரும்படி நின்று எண்ணைப் படிப்பார். படித்ததை மூன்றால் பெருக்கிப் பேரேட்டில் எழுதுவார். பழைய கருவிகளில் அந்த எண், ஒரு காலன் பாலில் எத்தனை ராத்தல் காய்ந்த ரப்பர் இருக்கிறது என்பதைச் சொல்லும்.

ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ஆகவே பாலில் ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், குழல் ஆழமாக முங்கும். தண்ணீர் கலந்த பாலில் குழல் எழும்பி நிற்கும். மரத்தில் பால் சேரும் கிண்ணமான மங்கில் மழைத்தண்ணீர் விழுந்த நாளில், "இன்னிக்கு அது மேலதான் நிக்கும்" என்று வரிசையில் நிற்கும்போதே வெட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆர்க்கிமிடீஸின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மிதக்கும் பொருள் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். வயிற்றுப்பாடு அதில் தொங்கியதால் நன்றாகவே தெரியும்.

நான் 1957-ல் அப்படியொரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. அவருக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பிறகு இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே ஓய்வுபெற்றேன். நம் நாட்டில் செய்முறை அறிவியல் வந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக லண்டனிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் தொடங்குவார்கள். அந்தக் கதை உண்மைதான், நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அளப்பது, கலப்பது, காத்திருந்து பார்ப்பது, பிழை எங்கே நுழைந்தது என்று தேடுவது ஆகிய எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே எங்கள் மக்களின் கைகளில் இருந்தன. பள்ளிக்கூடம் அதை அடையாளம் கண்டுகொண்ட நாள்களில் தோட்டத்துப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நின்றார்கள். கண்டுகொள்ளாத நாள்களில் பின்பெஞ்சில் ஒடுங்கினார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

பெக்கோக் ஜொகூரில் ஒரு சிற்றூர். லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் நின்று போகும் இடம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-ல் பாதை முடிந்தது. ரப்பருக்கு உலகமே அலைந்த நேரம் அது. பாதையோரக் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். அந்த மரத்தின் கதையே ஒரு நீண்ட செய்முறைப் பாடம். கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888-ல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுப்பது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் வெட்டிப் பார்த்தார். முதல் வெட்டின் ஓரத்தையே மறுபடி மெலிதாகச் சீவினால் பால் குறையாமல் வருகிறது, கூடவும் செய்கிறது என்பதைக் கண்டார். அதுவரை பிரேசில்காரர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். பட்டையின் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும் என்பதும் வெட்டிப் பார்த்தே தெரிந்தது. இதெல்லாம் கிட்டத்தட்ட முப்பது பாகைச் சாய்வாக, ஒரு தகடாக, ஓர் உளியின் வளைவாக மாறி என் அம்மாவின் கைக்கு வந்துசேர்ந்தது. ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்மாவிடம் கேட்டால், "அப்படி வெட்டினாத்தான் மரம் குடுக்கும்" என்பார். சரியான விடைதான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இதில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூரிலும் தோட்டப் பள்ளிகள் பெருகின. எங்கள் பக்கத்து எல்ட்ரட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் போன்றவை அந்த வழியில் வந்தவைதாம். எழுத்து, வாய்ப்பாடு, கொஞ்சம் சுகாதாரம் என்பதோடு படிப்பு முடிந்தது. தமிழ்வழிக் கல்வி ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டதால், அதற்குமேல் படிக்க மொழி மாற வேண்டும். 1964 வரை நுழைவுத்தேர்வு ஒன்று வழியை அடைத்து நின்றது. அது எடுபட்டு, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்று ஆன பிறகுதான் என் தலைமுறைக்குக் கதவு திறந்தது. தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி கற்க வேண்டும். நான் 1970-ல் அந்த வகுப்பில் இருந்தேன். அடுத்த ஆண்டு முதலாம் படிவம், ஆங்கில வழி.

சரியாக அந்த நேரத்தில்தான் கடல் கடந்து இன்னொன்றும் வந்து இறங்கியது.

ஐம்பதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் பள்ளி அறிவியலைப் பார்த்து மிரண்டுபோயிருந்தன. எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்கரியாஸ் 1956-ல் பள்ளி இயற்பியலைப் புதிதாக எழுத ஆள் திரட்டினார். மறு ஆண்டு ரஷ்யாவின் ஸ்பூட்னிக் பறந்ததும் அந்த வேலைக்குப் பணம் கொட்டியது. இங்கிலாந்தில் நஃபீல்டு அறக்கட்டளை 1962-ல் தன் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்காட்லாந்தோ அறிவியலை இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே பாடமாகத் தரும் திட்டத்தை வகுத்தது. எல்லாவற்றுக்கும் அடிநாதம் ஒன்றே: ஆசிரியர் முன்மேசையில் செய்து காட்ட, நாற்பது பேர் எட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பது போதாது, பிள்ளையே செய்ய வேண்டும். மலேசியா அந்த ஸ்காட்லாந்துப் பாடத்தை எடுத்துத் தழுவி, 1969-ல் ஒருங்கிணைந்த அறிவியல் என்ற பெயரில் கீழ்ப்படிவங்களில் சோதனை முறையில் தொடங்கியது. மேல்படிவங்களுக்கு நஃபீல்டைத் தழுவிய நவீன இயற்பியல், வேதியியல், உயிரியல் 1972-ல் வந்தன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1967-ல், தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்காக ரெக்சாம் என்ற வட்டார மையம் பினாங்கில் தொடங்கப்பட்டிருந்தது.

மாணவனாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பாடப்புத்தகத்துக்குப் பதிலாக ஒர்க் ஷீட் கொடுத்தார்கள். நான்கு நான்கு பேராக உயர மேசைகளைச் சுற்றி உட்காரவைத்தார்கள். முன்பக்கம் பார்த்து உட்காரும் வழக்கம் போயிற்று. தாளில் விடை இல்லை, கேள்விகள் மட்டுமே இருந்தன. இதைச் சூடாக்கு, என்ன பார்க்கிறாய்? இதை அதில் போடு, என்ன நடக்கிறது? ஆங்கிலம் இன்னும் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த தோட்டத்துப் பையனுக்கு அது பெரிய விடுதலை. வரலாறு, பூகோள வகுப்புகளில் வாய் திறக்க ஒரு வாக்கியம் முழுதாக வேண்டும். இங்கே கை வேலைசெய்தால் போதும், வாக்கியம் பின்னால் வரும். நீலப் படிகமாக இருந்த செப்பு சல்ஃபேட் சூட்டில் வெளுத்து மாவானதும், ஒரு சொட்டுத் தண்ணீரில் மறுபடி நீலமானதும் எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. அதை விளக்க எனக்கு அன்று சொற்கள் இல்லை. ஆனால் அது நடந்தது என்பதில் எனக்கும் மேசையிலிருந்த டவுன் பையனுக்கும் வித்தியாசமில்லை.

இந்த மாற்றம்தான் எனக்குப் பிழைப்பையும் தந்தது. ஆசிரியர் ஒருவரே செய்து காட்டும்போது ஒரு தட்டுச் சாமான் போதும். பத்து மேசையில் பத்துக் குழு செய்யும்போது பத்து மடங்கு பீக்கர், பத்து மடங்கு பர்னர், கழுவ, அடுக்க, அடுத்த வகுப்புக்கு எடுத்துவைக்க ஓர் ஆள் வேண்டும். பள்ளிகள் உதவியாளர்களை எடுத்தன. நான் 1978-ல் சேர்ந்தபோது பயிற்றுமொழி மாற்றம் பாதி வழியில் இருந்தது. 1970-ல் ஒன்றாம் ஆண்டில் மலாய்வழி தொடங்கியவர்கள் அப்போது மூன்றாம் படிவத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஆங்கிலவழி. ஆகவே ஒரே புட்டியில் இரண்டு மொழியில் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. என் வேலையின் முதல் மாதங்கள் பசையும் கத்தரிக்கோலுமாகப் போயின.

சாமான் பற்றாக்குறை தீராத வியாதி. இங்கே யுனெஸ்கோவின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் புத்தகம் எங்கள் தயாரிப்பு அறையில் கிழிந்து நைந்து கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் பள்ளிகள் இடிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக, ஸ்டீவன்சன் என்ற லண்டன் ஆசிரியர் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ 1948-ல் வெளியிட்டது. ஆய்வுக்கூடமே இல்லாத இடத்தில் தகரம், கம்பி, புட்டி கொண்டு எப்படி அறிவியல் நடத்துவது என்பதுதான் அதன் பொருள். அது வளர்ந்து 1956-ல் அறிவியல் ஆசிரியர்களுக்கான பெரிய மூலநூலாயிற்று. சுட்டுப்போன மின்விளக்கைக் குடுவையாக மாற்றும் வழியெல்லாம் அதில் உண்டு. போரில் இடிந்த நாடுகளுக்கென்று எழுதப்பட்ட புத்தகம், போரே தொடாத ஏழைப் பள்ளிகளில்தான் நெடுநாள் வாழ்ந்தது. எங்கள் அறையில் மில்க் டின், சைக்கிள் டியூப், தோட்டத்திலிருந்து வந்த மங்கு எல்லாம் சாமான் பட்டியலில் சேர்ந்தன. கண்ணாடிப் பீக்கர் உடைந்த வாரத்தில் மங்கு கைகொடுத்தது.

நான் எடுத்துவைத்த எத்தனையோ சோதனைகளில், கணிதமும் அறிவியலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதைக் காட்டியது டிக்கர் டைமர்தான். ஒரு சின்ன மின்கருவி. ஊரில் வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முழுச் சுற்றாக முன்னும் பின்னும் அலைவதால், அதன் நாக்கு வினாடிக்கு 50 தடவை கார்பன் வில்லைமேல் தட்டும். அடியில் ஓடும் காகிதப் பட்டையில் புள்ளி விழும். பட்டையின் நுனியைச் சக்கர வண்டி ஒன்றின் வாலில் ஒட்டி, பலகைமேல் ஓடவிட வேண்டும். வண்டி மெதுவாகப் போனால் புள்ளிகள் நெருங்கும், வேகமாகப் போனால் விலகும். முதலில் பலகையின் ஒரு முனைக்கு அடியில் கட்டைகளை வைத்து உயர்த்தி, உராய்வைச் சரிக்கட்ட வேண்டும். லேசாகத் தள்ளிவிட்டால் புள்ளிகள் ஒரே இடைவெளியில் விழும்வரை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இதற்கே அரை வகுப்பு போய்விடும். அவசரக்கார ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே என்னிடம் செய்துவைக்கச் சொல்வார்கள். நல்ல ஆசிரியர்கள் பிள்ளைகளையே செய்யவிட்டார்கள். தடையில்லாமல் விட்டால் பொருள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதி அந்த அரை வகுப்பில்தான் மண்டையில் இறங்கியது.

பிறகு ரப்பர் கயிற்றால் வண்டியை இழுப்பார்கள். கயிறு எப்போதும் ஒரே அளவு நீண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பட்டையைப் பத்துப் பத்து இடைவெளியாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 0.2 வினாடியின் பயணம். துண்டுகளை வரிசையாகப் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒட்டினால், படிக்கட்டு ஒன்று எழும்பும். ஒவ்வொரு துண்டின் உயரமும் அந்நேர வேகம். படிக்கட்டின் சாய்வு முடுக்கம். இரண்டு கயிற்றால் இழுத்தால் படிகள் இருமடங்கு செங்குத்தாகின்றன. கணித வகுப்பில் கரும்பலகையில் வெறும் கோடாகப் பார்த்த வரைபடம், தாங்களே கத்தரித்து ஒட்டிய காகிதமாக எதிரில் நிற்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை. இப்போது ஒளிக்கதிரை வண்டி மறைக்கும் நேரத்தை அளக்கும் ஃபோட்டோகேட் கருவிகள் வந்துவிட்டன. எண் உடனே திரையில் வருகிறது, துல்லியமும் கூடுதல். ஆனால் அந்தக் காகிதப் படிக்கட்டைக் கைவிடாமல் ஒரு தடவையாவது ஒட்டவைக்கும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன்.

கணிதத்துக்கென்று தனியாகச் செய்முறை எதுவும் எங்கள் பள்ளியில் வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் பிரிட்டனைத் தழுவி நவீன கணிதம் வந்தது. கணம், அணி, உருமாற்றம் என்று புதுச் சரக்கு நிறைய வந்தது, ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க ஒன்றும் கூட வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திரிகோணவியலைக் காட்ட ரப்பர் மரத்தைவிட நல்ல கருவி கிடையாது என்று ஒரு கணித ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், அது அவருடைய பெருந்தன்மை. அரைச்சுற்று வெட்டை மனத்தில் விரித்துப் பாருங்கள். மரத்தைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, வெட்டின்மேல் பென்சிலால் கோடிட்டு, காகிதத்தைப் பிரித்துத் தரையில் பரப்பினால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. மரத்தின் சுற்றளவு 60 செ.மீ. என்றால் அடிப்பக்கம் அதில் பாதி, 30 செ.மீ. சாய்வு 30 பாகை. அப்படியானால் வெட்டின் நீளம் 34.6 செ.மீ.; இடமுனை வலமுனையைவிட 17.3 செ.மீ. உயரம். வகுப்பு கணக்குப்போட்டது. மறுநாள் பள்ளிக்குப் பின்னாலிருந்த சிறுதோட்டத்தில் நாடாவால் அளந்தோம். விடை அரை சென்டிமீட்டருக்குள் வந்தது. சில மரங்களில் வரவில்லை. ஏன் என்று கேட்டபோது ஒரு பையன், "வெட்டினவருக்குக் கை சரியில்ல" என்றான். உண்மை. சாய்வைப் பாகைமானியால் அளந்தால் 25-தான் இருந்தது.

வேதியியல் அறையில் நடந்த ஒன்று எனக்கு இதைவிட முக்கியம். ஐந்தாம் படிவத்தில் இயற்கை ரப்பர் ஒரு பாடம். மூன்று பீக்கரில் பால். ஒன்றில் அமிலம், ஒன்றில் அம்மோனியா, ஒன்றைச் சும்மா விட வேண்டும். அமிலம் விழுந்தது உடனே கட்டியாகும். அம்மோனியா விழுந்தது அப்படியே இருக்கும். சும்மா விட்டது மறுநாள் தானாகக் கட்டியாகும், ஏனென்றால் பாக்டீரியா பாலில் அமிலத்தை உண்டாக்குகிறது. விளக்கம் இதுதான்: ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரத உறை இருக்கிறது, அதில் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் துகள்கள் மோதி, உறை கிழிந்து, உள்ளேயிருக்கும் நீண்ட சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன.

பால் நான்தான் வாங்கிவந்தேன். விடியற்காலையில் சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கி, கட்டியாகாமல் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே ஒரு வேலை. அமிலப் புட்டியைத் திறந்ததும் பின்மேசையிலிருந்த தமிழ்ப்பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்: "அண்ணே, எங்க ஸ்டோர்ல ஊத்துறது இந்த வாசம் இல்லியே? அது மூக்குல ஏறும்."

"அது ஃபார்மிக் ஆசிட்மா. இது அசெட்டிக்."

சீன ஆசிரியை இதைக் கவனித்துவிட்டார். என்ன பேச்சு என்று அதட்டாமல், முன்னால் வந்து சொல்லச் சொன்னார். அந்தப் பெண் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தட்டுத் தடுமாறி மலாயில் சொல்ல ஆரம்பித்தாள். ஆசிட் கூடினால் கட்டி விறைத்துப்போய் ரோலரில் ஒழுங்காக ஓடாது. குறைந்தால் மேலே நிற்கும் தண்ணீர் வெள்ளையாகவே இருக்கும், ரப்பர் அதில் வீணாகப் போகும். தண்ணீர் தெளிந்தால் அளவு சரி. ஊற்றும் முன் பாலில் தண்ணீர் கலந்து நீர்க்கவைக்க வேண்டும், நுரையை வழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் கொப்புளம் விழும். எல்லாம் அவள் அம்மா செய்யும் வேலை.

ஆசிரியை பாடத்திட்டத்தை ஓரம் வைத்தார். ஆறு பீக்கர் எடுக்கச் சொன்னார். பாலின் அளவு ஒன்றே, அமிலத்தின் அளவு மட்டும் படிப்படியாகக் கூட வேண்டும். எது கட்டியாக எவ்வளவு நேரம், மேல்தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அட்டவணை போட்டார்கள். எதை மாற்றுகிறோம், எதை மாறாமல் வைக்கிறோம், எதை அளக்கிறோம் என்ற மூன்று கேள்வியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவந்த வகுப்பு, அன்றைக்கு அதைச் செய்தது. அந்தப் பெண்தான் எல்லா மேசைக்கும் போய் மேல்தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். மெட்ரோலாக்கைப் பற்றி நான் முன்னே சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அந்த அறிவு லயத்து வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. அதை முன்னால் வரச்சொல்லிக் கேட்க ஓர் ஆசிரியை தேவைப்பட்டார்.

அப்படிக் கேட்பவர்கள் எப்போதும் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். செய்முறை வாழ்வதும் சாவதும் தேர்வைப் பொறுத்தது. இதை நான் ஆத்திரமாகவே சொல்கிறேன். தொண்ணூறுகளின் இறுதிவரை ஐந்தாம் படிவத் தேர்வில் செய்முறைத்தாள் இருந்தது. தேர்வறையில் சோதனை செய்தே ஆக வேண்டும் என்பதால் ஆண்டு முழுக்க மேசைகள் ஓய்வில்லாமல் இருந்தன. 1999-ல் பேக்கா வந்தது. ஆசிரியரே தம் மாணவரின் செய்முறையை ஆண்டு முழுதும் மதிப்பிட்டு எழுதுவது. ஒரு நாள் பதற்றத்தில் பிள்ளையை எடைபோடாமல் நெடுநாள் வேலையை எடைபோடலாம் என்ற எண்ணம் நல்லது. நடைமுறையில் கோப்பு கொழுத்தது, சோதனை மெலிந்தது. ஒருவர் எழுதிய அறிக்கையைப் பத்துப் பேர் பார்த்தெழுதினார்கள். பிறகு மூன்றாம் தாள் என்று எழுத்துத்தேர்வு வந்தது. சோதனையை எப்படிச் செய்வாய் என்று எழுதிக் காட்ட வேண்டும். குடுவையைத் தொடாமலே அதில் நல்ல மதிப்பெண் எடுக்கலாம், எடுத்தார்கள். என் அலமாரிகளில் சாமான் பூட்டியே கிடந்த காலம் அது.

மொழியும் நடுவே ஆட்டிப்படைத்தது. 2003-ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குத் திரும்பின. தமிழ்ப்பள்ளிகளிலும் அப்படியே. 2009-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். சீட்டுகளை மறுபடி மாற்றி ஒட்டினேன். இரு தரப்பிலும் நியாயம் பேசியவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் நான் கண்டது ஒன்று: மொழியில் தடுமாறிய ஆசிரியர்கள் முதலில் கைவிட்டது சோதனையைத்தான். புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தைப் படித்துவிடலாம். சோதனை நடக்கும்போது பிள்ளை கேட்கும் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இருக்காது, உடனுக்குடன் அந்த மொழியில் பதில் சொல்லியாக வேண்டும்.

தேர்வு செய்முறையைக் கொல்லும் இந்தச் சிக்கலை நேர்படச் சந்தித்த ஒரு முயற்சி இந்தியாவில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் வயல், பூச்சி, நீர், மண் எல்லாவற்றையும் தாங்களே சோதித்துக் கற்றார்கள். அவர்கள் தேர்வையும் கூடவே மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைக்குத் தனித் தேர்வு. அதனால்தான் அது முப்பது ஆண்டு நின்றது. 2002-ல் மாநில அரசு அதை மூடியபோது ஓராயிரம் பள்ளிகள் அளவுக்குப் பரவியிருந்தது. மூடியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே திரும்பி வருகிறேன். புதிய பாடத்திட்டத்தின்படி, 2021-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்விலிருந்து இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத்தேர்வு மறுபடி வந்துவிட்டது. மாணவர்கள் மேசைமுன் நின்று செய்தாக வேண்டும். நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது இது. ஆனாலும் செய்தி கேட்ட அன்று, பழைய பள்ளிக்குப் போய் அலமாரிகளைத் திறந்து பார்க்கலாமா என்று இருந்தது. தமிழ்ப்பள்ளிகளிலும் ஆஸ்தி என்ற அறிவியல் தொழில்நுட்பப் புத்தாக்கச் சங்கம் இளம் பிள்ளைகளுக்கான அறிவியல் விழாக்களை நடத்தி, ஆரம்பப் பள்ளியிலேயே சோதனை செய்து மேடையில் விளக்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டது. எங்கள் காலத்தில் கனவில்கூட இல்லாத காரியம்.

ரப்பர்தான் போய்விட்டது. பெக்கோக்கைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பால் ஸ்டோர் பார்த்த பிள்ளைகள் இனி வரமாட்டார்கள். இதற்காக வருந்தி உட்கார்ந்துவிட வேண்டியதில்லை, ஏனென்றால் செம்பனையும் கணக்குத் தெரிந்த மரம். மட்டைகள் தண்டைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 137 பாகை திரும்பி முளைக்கின்றன. தண்டை உற்றுப் பார்த்தால் மட்டையடிகள் எட்டுச் சுருள்களாகப் படியும். எதிர்த்திசையில் எண்ணினால் 13. ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். புதிதாக விரிந்த மட்டையை ஒன்று என்று வைத்தால் 9, 17, 25 எல்லாம் ஒரே சுருளில் கீழ்நோக்கி வரும். உரம் போதுமா என்று பார்க்கத் தோட்டத்தில் இலை எடுப்பவர்கள் பதினேழாவது மட்டையில்தான் எடுக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கத் தலையை உயர்த்தி இந்தச் சுருளைத்தான் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களில் பலர் நம் பிள்ளைகளின் மாமன், சித்தப்பன்.

இரண்டாம் படிவக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே எண் தோரணிகள். ஃபிபொனாச்சி வரிசை அதில் வருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில், அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில், வகுப்பைப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் அழைத்துப்போய், இலை எடுக்கும் தொழிலாளி ஒருவரை ஆசிரியராக நிறுத்தி, பதினேழாவது மட்டையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்று இந்த வட்டாரப் பள்ளிகளுக்கு நான் சொல்லிவருகிறேன். சுண்ணக்கட்டியும் நாடாவும் போதும். தோட்ட நிர்வாகத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டுமென்றால், அதை நானே எழுதித் தருகிறேன்.